ஆயிரம் வருடப் பச்சை மண்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் தாபோ மடாலயத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில், 3,000 மீட்டருக்கும் மேலே, மண் சுவரும் மண் கூரையுமாக நிற்கிற பௌத்தக் கோயில் அது. அதன் பெரிய மண்டபத்தில் சுவரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட சிலைகள் எல்லாமே சுடாத களிமண் என்றும், அவற்றைக் காப்பாற்ற ஆய்வகம் மட்டும் போதாது, மண் வேலை பழகிய கைகளும் வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் வீட்டு மண் பிள்ளையாரை வாளித் தண்ணீரில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஆள் இல்லை. சுடாத களிமண் ஆயிரம் வருடம் இருந்தது என்றால் நம்பும்படியாக இல்லையே? (சேலம் வாசகர்)

உங்கள் பிள்ளையார் கரைவதற்கும் தாபோவின் சிலைகள் நிற்பதற்கும் காரணம் ஒன்றேதான். களிமண் காய்ந்து இறுகுவது ரசாயன மாற்றம் இல்லை. சிமெண்ட் இறுகினால் திரும்பாது, சுண்ணாம்பும் காற்றோடு சேர்ந்து கல்லாகிவிடும், ஆனால் களிமண்ணில் இருந்து தண்ணீர் வெளியேறுகிறது, துகள்கள் நெருங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, அவ்வளவுதான் நடப்பது. தண்ணீர் திரும்பி வந்தால் மண் பழையபடி சேறு. வராதவரை அப்படியே இருக்கும், எத்தனை நூற்றாண்டு ஆனாலும்.

ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம். பருவக்காற்று இமயத்தின் தெற்குச் சரிவிலேயே பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தாபோ 996-இல் கட்டப்பட்டது, 46 வருடம் கழித்துப் புதுப்பிக்கப்பட்டது என்று அங்கே சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010 என்பதை நினைத்துக்கொண்டால் காலம் பிடிபடும். ராஜராஜன் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே ஒருவர் மண்ணை மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம், அது வெறும் மண் உருண்டை இல்லை. இந்த இமயமலை மரபில் சிலைக்குள்ளே மரச்சட்டம் இருக்கும், அதன்மேல் வைக்கோலோ கயிறோ சுற்றுவார்கள், மேலே நறுக்கிய வைக்கோல் கலந்த முரட்டு மண், அதற்கு மேல் சலித்த மெல்லிய மண். கடைசிப் பூச்சில் கையால் செய்த காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கிச் சேர்ப்பதும் உண்டு. விரல் நகம், உதட்டு ஓரம், நகைகளின் மணி எல்லாம் அந்தக் கடைசிப் பூச்சில்தான் பிறக்கின்றன. வங்காளத்துக் குமார்துலியில் துர்க்கை செய்கிறவர்களும் ஏறக்குறைய இதையேதான் செய்கிறார்கள். மூங்கில், வைக்கோல், ஒட்டுகிற மண் ஒன்று, மணல் சேர்ந்த ஆற்று மண் ஒன்று, விரிசல் விட்டால் மண் குழம்பில் நனைத்த துணித்துண்டு. அங்கே பூஜை முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள், இங்கே கூரைக்கு அடியில் ஆயிரம் வருடம் உட்கார வைத்திருக்கிறார்கள். கைவேலை கிட்டத்தட்ட ஒன்று, தண்ணீரோடு உள்ள உறவுதான் வேறு.

கேள்வி: இவ்வளவு ஆபத்து இருந்தால் ஏதாவது ரசாயனம் பூசிக் கெட்டிப்படுத்திவிடலாமே? அல்லது சூளையில் வைத்துச் சுட்டுவிடலாமே? (தஞ்சாவூர் வாசகி)

சுடுவதை முதலில் முடித்துவிடுவோம். உள்ளே மரமும் வைக்கோலும் இருக்கின்றன. மேலே வச்சிரப் பசையில், அதாவது தோலைக் காய்ச்சி எடுக்கிற பசையில் குழைத்த வண்ணம் இருக்கிறது. தீ பட்டால் எல்லாம் போய்விடும்.

ரசாயனம் பற்றி என் வீட்டுக் கதை ஒன்றைச் சொன்னால் சுலபமாகப் புரியும். எங்கள் பாட்டி வீடு மண் சுவர். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், வருஷா வருஷம் மண் பூசி மெழுகுவது அலுத்துப்போய், "ஒரேயடியாக முடித்துவிடலாம்" என்று வீட்டில் முடிவு செய்து சிமெண்ட் பூசினார்கள். முதல் வருடம் பளபளவென்று இருந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்ததும் ஒரு மத்தியானம் கதவு அகலத்துக்கு ஒரு பாளம் அப்படியே கழன்று விழுந்தது. அதன் பின்னால் சுவர் இருந்த இடத்தில் ஈரமான தூள் இருந்தது, கையை வைத்தால் விரல் உள்ளே போனது. பாட்டி அந்த மண்ணை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, முறத்தில் வாரிக்கொண்டு போய்க் கொல்லையில் கொட்டினாள். அந்த முறம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

நடந்தது இதுதான். மண் சுவர் அடியிலிருந்து ஈரத்தை இழுக்கும், வெளியே விடும். வெளியே விடுகிற வழியைச் சிமெண்ட் அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே தங்கி, அதோடு வந்த உப்பும் அங்கேயே படிந்து, இரண்டுமாகச் சேர்ந்து மண்ணை அரித்துவிட்டன. சிலைமேல் கெட்டியான செயற்கைப் பிசின் பூசினாலும் இதே அபாயம் இருக்கிறது. மேல்தோல் இறுகிப்போகும், உள்ளே மண் இளகலாகவே இருக்கும், குளிரிலும் வெயிலிலும் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி விரியும், கடைசியில் மேல்தோல் வண்ணத்தையும் இழுத்துக்கொண்டு உரிந்துவிடும். ஆயிரம் வருடம் இருந்த வண்ணம் அது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுமா என்று நம் பக்கம் கேட்பார்களே, அது உறவுகளைப் பற்றிய பேச்சு என்றாலும் இந்த இடத்தில் வார்த்தைக்கு வார்த்தை பொருந்துகிறது.

ரசாயனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நிற்கிற வண்ணத்தைப் பிடித்து வைக்க, சோதித்துப் பார்த்த பசைகள் தேவைப்படும். ஆனால் உடம்புக்கு, அதாவது மண் உதிர்ந்த இடத்துக்கு, மண்தான் வேண்டும். அதே ஊர் மண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: நான் நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவன். சிலையைக் காப்பது படித்தவர்கள் வேலை. இதில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன இடம் இருக்கிறது என்று எழுதுகிறீர்கள்? (விருதுநகர் வாசகர்)

ஐயா, இந்தப் பக்கத்தையே உங்கள் கடிதத்துக்காகத்தான் எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

சிலையில் ஒரு விரிசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அடைக்க மண் வேண்டும். எந்த மண்? களி அதிகமானால் காயும்போது சுருங்கி, அடைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் புது விரிசல் வரும். மணல் அதிகமானால் ஒட்டாமல் பொலபொலவென்று உதிரும். உங்களுக்கு இது கையை வைத்ததுமே தெரியும், உள்ளங்கையில் ஈர மண்ணைத் திரி மாதிரி உருட்டி வளைத்துப் பார்ப்பீர்கள், உடைகிற இடத்தைப் பார்த்தே இன்னும் அரைக் கூடை மணல் என்பீர்கள். ஆய்வகத்திலும் முதலில் செய்வது இதற்கு உறவான சோதனைதான். பாட்டிலில் மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மணல் உடனே கீழே இறங்கிவிடும், வண்டல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும், களி மறுநாள்வரைகூட மிதந்துகொண்டிருக்கும். படிந்த அடுக்குகளை அளந்து கணக்கெடுக்கிறார்கள். கணக்கு வேண்டும், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கணக்குப்படி சரியாக வந்த மண்ணையும் எத்தனை நாள் ஊறவைத்துப் புளிக்கவிடுவது, வைக்கோலை எந்த நீளத்துக்கு நறுக்குவது, எந்தப் பதத்தில் கையில் எடுப்பது என்பது பழகிய கைக்குத்தான் தெரியும். 'பதம்' என்ற ஒரு வார்த்தைக்குள் நாம் வைத்திருப்பதை எண்ணில் எழுதுவது கஷ்டம்.

அடைக்கிற முறையையும் சொல்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும். முதலில் மெல்லிய தூரிகையால் தூசி எடுப்பார்கள். விரிசலின் உதடுகளை மிகக் கொஞ்சமாக ஈரப்படுத்துவார்கள், தண்ணீர் உள்ளே இறங்கிவிடாமல் சீக்கிரம் ஆவியாவதற்காக அதில் சாராயம் கலப்பதும் உண்டு. பக்கத்தில் வண்ணம் இருந்தால் அதன்மேல் மெல்லிய காகிதம் ஒட்டிக் காபந்து செய்துகொள்வார்கள். பிறகு துணியில் சலித்த மண்ணை ஒரே மூச்சில் திணிக்காமல் மெல்லிய அடுக்காக வைத்து, காயவிட்டு, சுருங்கியதைப் பார்த்து, அடுத்த அடுக்கு. பூச்சு சுவரை விட்டு விலகி உள்ளே பொக்காக இருந்தால் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டி, சத்தத்தை வைத்து எல்லையைக் கண்டுபிடித்து, ஊசிக் குழாயில் மண் குழம்பை ஏற்றுவார்கள். தட்டிப் பார்த்துப் பொக்கு கண்டுபிடிக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே! தண்ணீர் பட்டால் இளகும் என்பது சுடாத மண்ணின் ஆபத்து, ஆனால் ஆயிரம் வருடப் பழைய மண்ணோடு இன்றைய மண்ணை ஒட்டவைக்க முடிவதும் அதனால்தான். நாளைக்கு இன்னொருவர் வந்து இது தவறு என்றால் சிலைக்கு அதிகச் சேதமில்லாமல் ஈரப்படுத்தி எடுத்துவிடவும் முடியும்.

இதைவிடப் பெரிய வேலை கூரையில் இருக்கிறது. இமயமலை மண் கட்டடங்களில் மர உத்திரம், அதன்மேல் நெருக்கமாக அடுக்கிய வில்லோ மரக் குச்சிகள், அதன்மேல் புல்லோ சருகோ, அதன்மேல் மிதித்து இறுக்கிய மண். லடாக்கில் இதற்கென்றே மர்காலக் என்ற வழுவழுப்பான களியைத் தேடி எடுக்கிறார்கள், அது தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாது. பனி விழுந்தால் உருகுவதற்குள் மேலே ஏறித் தள்ளிவிட வேண்டும். வெயில் காலத்தில் விரிசல் பார்த்துப் பூச வேண்டும். ஒரு வருடம் யாரும் ஏறவில்லை என்றால் அடுத்த வருடம் ஒரு சொட்டு இறங்கும், அந்தச் சொட்டு சுவர் ஓவியத்தின்மேல் சேற்றுக் கோடு போட்டுக்கொண்டு சிலையின் தோளுக்கு வரும். ஒழுகுகிற இடத்தில் எல்லாம் மேலும் மேலும் மண் கொட்டுவதும் தப்பு, பாரம் ஏறி உத்திரம் வளைந்துவிடும். பழைய மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியது போட வேண்டும், எங்கே சுரண்டலாம் எவ்வளவு போடலாம் என்பது அந்த ஊரில் சொந்த வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்ட குடும்பங்களுக்குத் தெரியும். இப்போது அந்தப் பக்கத்தில் முன்பு போல் இல்லாமல் மழை அடித்துப் பெய்கிறது, இளைஞர்கள் கான்கிரீட் வீட்டுக்கு மாறுகிறார்கள். ஆக, தேவை கூடும்போது கை குறைகிறது. எனக்கு இதுதான் பெரிய கவலை. சிலை நிபுணரை டெல்லியிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரவழைக்கலாம், பிப்ரவரி மாதம் விடியற்காலையில் கூரை ஏறிப் பனி தள்ளுகிறவரை எங்கிருந்தும் வரவழைக்க முடியாது.

கேள்வி: எங்கள் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளும் கல் இல்லை, கடுசர்க்கரை என்கிறார்கள். அதுவும் இந்த வகைதானா? (நாகர்கோவில் வாசகி)

ஆமாம் அம்மா, நெருங்கிய சொந்தம். 22 அடி நீளப் பள்ளிகொண்ட பெருமாள், உள்ளே 16,008 சாளக்கிராமங்கள் என்பது மரபு. கடுசர்க்கரை முறையில் மரத்தால் எலும்புக்கூடு, தேங்காய் நார்க் கயிற்றால் நரம்பு, பலவகை மண்ணைக் கஷாயம், பிசின், வெல்லம் முதலானவற்றோடு பதப்படுத்தித் தசை, அதன்மேல் துணி, அதன்மேல் வண்ணம் என்று சிற்ப மரபு சொல்கிறது. ஒரு மனித உடம்பை அடுக்கடுக்காகக் கட்டுவது போல. ஸ்பிதியின் மரச்சட்டத்தையும் வைக்கோலையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று பனி மலை, இன்னொன்று இரண்டு பருவமழையும் கொட்டுகிற ஊர், அதனால்தான் இங்கே மண்ணுக்குப் பிசினும் கஷாயமும் இவ்வளவு தேவைப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதில் என்னை நெகிழ வைப்பது பூஜை முறை. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமியும் கடுசர்க்கரைதான், 1686 தீவிபத்துக்குப் பிறகு மார்த்தாண்ட வர்மா காலத்தில் 12,008 சாளக்கிராமங்களோடு மறுபடி அமைத்த திருமேனி. அங்கே மூலவருக்கு அபிஷேகம் கிடையாது, அதற்கென்று தனியாக ஒரு படிமம் இருக்கிறது. சாத்திய பூவைக்கூட மயிலிறகால்தான் மெதுவாகத் தள்ளி எடுப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி, அவருக்கும் திருமஞ்சனம் இல்லை, தைலக்காப்புதான். தண்ணீர் படக்கூடாது, உரசக்கூடாது என்று இன்றைய பாதுகாப்பு நூல்கள் சொல்கிற விதிகளை நம் முன்னோர் பூஜைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அர்ச்சகர் மாறினாலும் ராஜா மாறினாலும் விதி மாறாது.

திருவட்டாறில் 2022 ஜூலை 6 அன்று 418 வருடம் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தது உங்களுக்குத் தெரியும். 418 வருட இடைவெளி என்றால் அந்தக் கைவேலை எத்தனை தலைமுறை வேலை இல்லாமல் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடுசர்க்கரை தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர். அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து, மண் எங்கே எடுத்தார்கள், எத்தனை நாள் ஊறவைத்தார்கள் என்று எழுதி வைக்க வேண்டும். கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது என்பது சரி, வெளியே ஒரு மாதிரி உருவம் செய்து காட்டச் சொல்லிப் பதிவு செய்யலாமே.

கேள்வி: மரபுக் கலைஞர் கையில் கொடுத்தால் பழையதை மழித்துவிட்டுப் பளபளவென்று புதுசு செய்துவிடுவார். நம்மூர் கோபுரங்களில் பார்க்கிறோமே. இது ஆபத்து இல்லையா? (சென்னை வாசகர்)

ஆபத்துதான், மறைக்கப் போவதில்லை. வழிபடுகிறவர்களுக்கு மூக்கு உடைந்த தெய்வம் உறுத்தும், கலைஞருக்குப் புதுசு செய்வதே மரியாதை. பாதுகாப்பு நிபுணருக்கோ பழைய விரலின் தடம் ஒன்றுகூட அழியக்கூடாது. இரண்டு தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தாபோவின் பெரிய மண்டபம் உலகம் முழுக்கப் பேசப்படுவதே, 11-ஆம் நூற்றாண்டு வேலை பெரும்பாலும் மேல்பூச்சு இல்லாமல் நமக்குக் கிடைத்திருப்பதால்தான்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். மண்ணில் கலைஞரின் பேச்சை முழுக்கக் கேட்க வேண்டும், வண்ணத்தில் கூடாது. உதிர்ந்த இடத்தை அடைப்பது, கூரை, சுவர், உள்ளே மரம் பலமாக இருக்கிறதா என்று பார்ப்பது, இதிலெல்லாம் அவர் முன்னால் நிற்கட்டும். ஆனால் பழைய முகத்தின்மேல் புதிய கண் எழுத வேண்டாம். அவருடைய முழுத் திறமையையும் காட்ட வேறு இடம் வேண்டும், அதே மடாலயமோ கோயிலோ அவருக்குப் புதுச் சிலை வேலை கொடுக்கட்டும். புதுசு செய்யத் தெரிந்த கை இருந்தால்தான் பழையதைப் பழுதுபார்க்கும் கை இருக்கும். தாபோவில் 1975 நிலநடுக்கத்தில் கட்டடங்கள் அடிபட்டன, 1983-இல் புதிதாக ஒரு கூட்ட மண்டபம் எழுந்தது, பழையது பழையதாகவே இருக்கிறது. இந்த மாதிரி இரண்டுக்கும் இடம் விடுவதுதான் நடைமுறைக்குச் சரி என்று எனக்குப் படுகிறது.

கேள்வி: பேசாமல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாமே? (மதுரை வாசகர்)

தாபோ சிலைகள் சுவரோடு சேர்த்துக் கட்டியவை, பெயர்த்தால் சிலையும் உடையும் சுவரும் உடையும். தஜிகிஸ்தானில் அஜினா தெபே என்ற இடத்தில் 1966-இல் கண்டெடுத்த 12 மீட்டருக்கும் நீளமான பள்ளிகொண்ட மண் புத்தரைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் துஷான்பேக்குக் கொண்டுபோக முடிந்தது. அது கைவிடப்பட்டு இடிந்துபோன மடம், வேறு வழி இல்லை. இங்கே இன்னும் துறவிகள் வாழ்கிறார்கள்.

கேள்வி: பாட்டி வைத்துவிட்டுப் போன கொலு பொம்மைகளில் இரண்டு மண் பொம்மைகள் உதிர்கின்றன. சுட்டதா சுடாததா என்றே தெரியவில்லை. வீட்டில் என்ன செய்யலாம்? (கும்பகோணம் வாசகி)

பொம்மையைக் கவிழ்த்து, அடியில் வண்ணம் இல்லாத இடத்தில் விரல் நுனியை லேசாக நனைத்து ஒரு தடவை தொடுங்கள். விரலில் சேறு ஒட்டினால் பச்சை மண். ஒட்டாமல் ஈரத்தை மட்டும் உறிஞ்சினால் சுட்டது.

பச்சை மண் என்றால் ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தூசி தட்டுங்கள். வார்னிஷ் வேண்டாம், உடனே ஒட்டுகிற பசையும் வேண்டாம், அது மண்ணுக்குள் இறங்கி அந்த இடத்தை மட்டும் கல்லாக்கி அடுத்த விரிசலுக்கு வழி செய்யும். உதிர்ந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு காகித உறையில் போட்டு, எந்தப் பொம்மை எந்த இடம் என்று எழுதி வையுங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் பொம்மை செய்கிற குடும்பம் யாராவது இருந்தால் உறையோடு பொம்மையையும் கொண்டுபோய்க் காட்டி, "வண்ணம் தொட வேண்டாம், ஒட்ட மட்டும் வையுங்கள்" என்று கேளுங்கள். அவர் முதலில் உதிர்ந்த துண்டை எடுத்து விரலில் நசுக்கிப் பார்ப்பார். அப்போது பக்கத்திலேயே இருந்து என்ன மண் என்று சொல்கிறார் என்பதைக் கேட்டு, அதையும் அந்த உறையின்மேல் எழுதிவிடுங்கள்.